ரோமப் பேரரசு ஏன் வீழ்ந்தது? வரலாற்றாசிரியர்களின் விளக்கங்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

ரோம் வீழ்ந்ததற்குக் காரணம் தேடிப் போனால் ஒரே நாளில் பத்துப் பதில்கள் கிடைத்துவிடும். கிறிஸ்தவம், ஈயக் குழாய், ஒழுக்கக் கேடு, ஹூணர்கள், வரிச்சுமை, கொள்ளைநோய், பருவநிலை என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்வார்கள். அலெக்சாண்டர் டெமாண்ட் என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியர், தமக்கு முன் சொல்லப்பட்ட காரணங்களை எல்லாம் 1984-ல் அகரவரிசையில் தொகுத்தார். மொத்தம் 210 வந்தது. முதலாளித்துவமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, கம்யூனிசமும் இருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு "யாருக்கும் தெரியவில்லை, ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்" என்று விலகிப் போகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் போக வேண்டியதில்லை. 210-லும் பெரும்பகுதி சில எளிய கேள்விகளிலேயே விழுந்துவிடும். எஞ்சி நிற்பவை சிலதான். அவற்றைப் பற்றித்தான் இன்றைய ஆய்வாளர்கள் உண்மையில் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையைப் பின்தொடரும் அளவுக்கு ஒருவர் தயாராக என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எது வீழ்ந்தது என்று முடிவு செய்யுங்கள்

பள்ளிப் பாடத்தில் கி.பி. 476 என்று படித்திருப்போம். அந்த ஆண்டு ஓடோவாக்கர் என்ற படைத்தலைவர், ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற சிறுவனை இத்தாலியில் அரியணையிலிருந்து இறக்கினார். கொல்லவில்லை. ஆண்டுப்படி கொடுத்துக் கம்பானியாவுக்கு அனுப்பிவைத்தார். அரச சின்னங்களை, பேரரசின் கிழக்குப் பாதியைக் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) ஆண்ட பேரரசர் ஸீனோவுக்கு அனுப்பி, மேற்குக்குத் தனிப் பேரரசர் தேவையில்லை என்று தெரிவித்தார்கள். ஆனால் கிழக்கு அங்கீகரித்திருந்த மேற்குப் பேரரசர் ஜூலியஸ் நெப்போஸ், டால்மேஷியாவில் (இன்றைய குரோஷியக் கடற்கரை) 480 வரை உயிரோடுதான் இருந்தார். ரோமில் செனட் வழக்கம்போலக் கூடியது. 476-ல்தான் மேற்குப் பேரரசு அழிந்தது என்று திட்டவட்டமாக எழுதியவர் மார்செல்லினஸ் என்ற வரலாற்றுக் குறிப்பாளர். அவர் எழுதியது சுமார் 40 ஆண்டு கழித்து, அதுவும் கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்துகொண்டு.

ஆகவே, ஒரு வரலாற்றாசிரியர் "வீழ்ச்சி" என்னும்போது எதைச் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். பேரரசர் என்ற பதவி மறைந்ததையா? வரி வசூலித்துப் படைக்குச் சம்பளம் கொடுத்த அரசு இயந்திரம் நின்றுபோனதையா? ஓட்டுக் கூரை, நல்ல பானை, செப்புக் காசு என்று சாதாரண மக்களுக்குக் கிடைத்துவந்த வசதி மறைந்ததையா? மத்தியதரைக் கடலைச் சுற்றி இருந்த ஒரே உலகம் உடைந்ததையா? அல்லது கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர் கைக்குப் போன 1453 மே 29-ஐயா? ஒவ்வொன்றுக்கும் தேதி வேறு, காரணமும் வேறு. பாதிச் சண்டைகள், இருவர் இரண்டு வெவ்வேறு வீழ்ச்சிகளைப் பேசுவதால் வருபவை. இந்தக் கட்டுரை மேற்கில் அரசு இயந்திரம் நின்றுபோனதைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறது.

இரண்டாம் படி: ஒரு பக்கத்தில் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்

விளக்கங்களுக்குள் போகும் முன் நிகழ்ச்சிகளின் வரிசை கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த விளக்கமும் சரி என்றே தோன்றும்.

376-ல் கிழக்கிலிருந்து வந்த ஹூணர்களின் நெருக்குதலால் கோத்துகள் என்ற ஜெர்மானியக் குழுவினர் டான்யூப் ஆற்றைக் கடந்து உள்ளே வந்தார்கள். 378-ல் அட்ரியானோபிளில் அவர்களிடம் தோற்றுப் பேரரசர் வாலன்ஸ் மாண்டார். 395-ல் பேரரசர் தியோடோசியஸ் இறந்தபின் கிழக்கும் மேற்கும் அவருடைய இரு மகன்களிடம் போயின. 406-ன் கடைசி நாளில் வாண்டல்கள், அலன்கள், சூவிகள் என்ற வேறு மூன்று குழுக்கள் ரைன் நதியைக் கடந்தார்கள். 410-ல் அலாரிக்கின் கோத்துகள் ரோம் நகரைக் கொள்ளையிட்டார்கள். 429-ல் வாண்டல்கள் ஆப்பிரிக்காவுக்கு (இன்றைய துனீசியாவை ஒட்டிய ரோம மாகாணங்கள்) கப்பலேறி, 439-ல் அங்குள்ள பெருநகரான கார்த்தேஜைப் பிடித்தார்கள். 455-ல் அவர்களும் ரோமைக் கொள்ளையிட்டார்கள். 468-ல் ஆப்பிரிக்காவை மீட்கப் போன பெரும் கடற்படை அழிந்தது. அதற்குப் பிறகு 476.

இதில் 410-க்கு ஒரு முன்கதை இருக்கிறது. 408-ல் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது, விலகிப் போவதற்கு 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் வாங்கினார். மிளகு, நம் மேற்குக் கரையிலிருந்து கடல் கடந்து போன சரக்கு. கரூரிலும் மதுரையிலும் இலங்கையிலும் கிடைக்கும் சின்னஞ்சிறு ரோமச் செப்புக் காசுகளில் பல 4, 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆகவே, மூன்றாம் நூற்றாண்டிலேயே ரோமின் பொருளாதாரம் செத்துவிட்டது, மற்றதெல்லாம் வெறும் இழுபறி என்று யாராவது எழுதினால், இந்த மிளகையும் காசையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்றாம் படி: அந்தக் காலத்தவர் சொன்னதைக் கேளுங்கள்

ஸோசிமஸ், பழைய கடவுள்களை வணங்கியவர். 500-ஐ ஒட்டி எழுதினார். கான்ஸ்டன்டைன் தொடங்கி எல்லாரும் பழைய சடங்குகளைக் கைவிட்டதால் ரோம் சீரழிந்தது என்பது அவர் கட்சி. அவருக்கு முன்பே, 410 கொள்ளைக்குப் பிறகு இதே குற்றச்சாட்டு கிளம்பியிருந்தது. அதற்கு மறுப்பாகத்தான் கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் 'கடவுளின் நகரம்' என்ற தம்முடைய மாபெரும் நூலைத் தொடங்கினார். அவர் தூண்டுதலில் ஒரோசியஸ், பழைய கடவுள்களின் காலத்தில் இதைவிட மோசமான துன்பங்கள் நடந்தன என்று பட்டியல் போட்டார். நிகழ்ச்சிகள் ஒன்றே, பழி மட்டும் எதிரெதிர்.

இவர்களைவிட எனக்கு முக்கியமாகப் படுபவர் சால்வியன். கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் பாதிரியாராக இருந்தவர், 440-களில் எழுதினார். அவருக்கும் ஒழுக்கப் பிரசங்கம்தான் நோக்கம். ஆனால் போகிற போக்கில், வரி வசூலிப்பவர்களின் கொடுமை தாங்காமல் ஏழைகள் கோத்துகளின் ஆட்சிக்குள் ஓடிப்போகிறார்கள் என்று எழுதிவிடுகிறார். மிகைப்படுத்தியிருக்கலாம். இருந்தாலும் அரசைக் காப்பாற்ற வேண்டிய மக்களுக்கே அந்த அரசு வேண்டாததாகிக் கொண்டிருந்தது என்பதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு குரல் இருக்கிறது. பெரிய தலைவர்களின் கதைக்குள் உழவர்களின் பக்கம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் இடங்கள் குறைவு. சால்வியனைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

நான்காம் படி: நவீன வரலாற்றாசிரியர்களைக் கால வரிசையில் வையுங்கள்

தொடக்கம் எட்வர்ட் கிப்பன். முதல் தொகுதி 1776-ல் வந்தது, ஆறாவதோடு 1788-ல் முடிந்தது. கிறிஸ்தவம்தான் ரோமை வீழ்த்தியது என்று சொன்னவர் என அவரைச் சுருக்கிவிடுகிறார்கள். மதத்துக்கு அவர் பங்கு கொடுத்தார், உண்மை. ஆனால் அளவுமீறிய பெருவளர்ச்சியே ரோமின் அழிவுக்கு இயற்கையான காரணம், ஏன் அழிந்தது என்று கேட்பதைவிட இத்தனை காலம் எப்படி நின்றது என்று வியக்க வேண்டும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். படைக்கட்டுப்பாடு தளர்ந்ததும் அவர் பட்டியலில் உண்டு.

மிகயீல் ரொஸ்தோவ்ட்ஸெஃப், ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு 1918-ல் நாட்டைவிட்டு வெளியேறியவர். 1926-ல் அவர் தந்த விளக்கம்: மூன்றாம் நூற்றாண்டில், உழவர் குடும்பங்களிலிருந்து வந்த படைவீரர்கள் நகரத்து நடுத்தர வர்க்கத்தின்மீது பாய்ந்து அதை அழித்தார்கள். பெல்ஜியத்தின் ஹென்றி பிரென் வேறு பக்கம் போனார். அவர் இறந்தபின் 1937-ல் வெளியான நூலின்படி, ஜெர்மானியக் குழுக்கள் ரோம உலகை உடைக்கவில்லை, அதற்குள் குடியேறின. மத்தியதரைக் கடல் வணிகம் துண்டிக்கப்பட்டது ஏழாம் நூற்றாண்டில், அரபு வெற்றிகளால். பிரான்சின் ஆந்த்ரே பிகானியோல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பு முடிந்த சூட்டோடு 1947-ல், ரோம நாகரிகம் இயற்கையாகச் சாகவில்லை, கொலை செய்யப்பட்டது என்று எழுதினார்.

ஒவ்வொருவரின் காலமும் அவருடைய விடையில் தெரிகிறதல்லவா? இங்கே பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள்: "அப்படியானால் எல்லாம் அவரவர் அனுபவம்தான், உண்மை என்று ஒன்றில்லை" என்று. ஒருவரின் காலம், அவர் எந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதற்கு விளக்கம் தரும். அவர் விடை சரியா என்பதைச் சான்றுதான் சொல்ல வேண்டும். டென்னி ஃப்ராங்க் என்ற அமெரிக்கர் 1916-ல், இனக் கலப்பால் ரோம் கெட்டது என்று எழுதினார். இந்த வாதம் தள்ளப்பட்டது, அது வெறுப்பூட்டுகிறது என்பதற்காக மட்டும் அல்ல. கல்லறைக் கல்வெட்டுகளில் இருந்த கிரேக்கப் பெயர்களை வைத்து அவர் பூர்வீகத்தைக் கணக்கிட்டார். அடிமைகளுக்கு எஜமானர்கள் நாகரிகமாகக் கிரேக்கப் பெயர் வைப்பது வழக்கம். பெயரை வைத்துப் பிறந்த ஊரைச் சொல்ல முடியாது என்றதும் வாதத்தின் அடித்தளமே போய்விட்டது. விளக்கங்களை இப்படித்தான் சோதிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கிழக்கை வைத்துச் சோதியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு வீழ்ந்தபின் கிழக்கு ரோமப் பேரரசு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நின்றது. இரண்டுக்கும் சட்டம் ஒன்று, மதம் ஒன்று, நிர்வாக முறை ஒன்று. ஆகவே மேற்கின் வீழ்ச்சிக்கு யார் எந்தக் காரணம் சொன்னாலும் திருப்பிக் கேளுங்கள்: அது கிழக்கில் இல்லையா?

கிறிஸ்தவம்? கிழக்கில்தான் அதிகம் வேரூன்றியிருந்தது. துறவிகளும் அங்கேதான் பெருகினார்கள். அடிமை முறை, ஊழல், கனத்த அதிகார வர்க்கம்? எல்லாம் அங்கேயும் உண்டு. ஈயக் குழாய்? பேரரசு உச்சத்தில் இருந்த நூற்றாண்டுகளிலும் அதே குழாய்களில்தான் தண்ணீர் வந்தது. போர்க்களத் தோல்வி என்று மட்டும் சொன்னாலும் போதாது. அட்ரியானோபிளில் நொறுங்கியது கிழக்கின் படைதான். மூன்றில் ஒரு பங்கு தப்பியதே அரிது என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதுகிறார். ஆனாலும் கிழக்கு எழுந்து நின்றது.

1964-ல் ஏ. எச். எம். ஜோன்ஸ் இந்தக் கேள்வியை மையமாக வைத்து விரிவாக விடை எழுதினார். ரைனும் மேல் டான்யூபும் சேர்ந்த நீண்ட எல்லை மேற்கின் தலையில் இருந்தது. கிழக்கின் பால்கன் பகுதியும் அடிபட்டது. ஆனால் அதைத் தாண்டி வந்தவர்களைக் கடலும் கான்ஸ்டாண்டிநோபிளும் தடுத்தன. 413-ல் எழுந்த அந்த நகரின் நிலப்பக்க மதில்கள் ஆயிரம் ஆண்டு தாங்கின. அவற்றுக்குப் பின்னால் சிறிய ஆசியா (இன்றைய துருக்கி), சிரியா, எகிப்து ஆகிய வரி கொழிக்கும் மாகாணங்கள் பத்திரமாக இருந்தன. பாரசீகத்தோடு ஐந்தாம் நூற்றாண்டில் பெரும்பாலும் அமைதிதான். மேற்குக்கு அப்படி ஒரு மறைவிடம் ஆப்பிரிக்கா. அதுவும் போனபோது என்ன ஆனது என்பதை ஏழாம் படியில் பார்ப்போம்.

இதோடு, மேற்கின் உள்நாட்டுப் போர்களையும் சேர்க்க வேண்டும். 455 முதல் 476 வரையான 21 ஆண்டுகளில் மேற்கில் 9 பேரரசர்கள். கிழக்கில் அதே காலத்தில் நிலைமை இவ்வளவு மோசமாகவில்லை.

ஆறாம் படி: மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

1971-ல் பீட்டர் பிரவுன் எழுதியபின் பேச்சின் திசையே மாறியது. சுமார் 150-லிருந்து 750 வரையான காலத்தை அவர் சரிவாகப் பார்க்கவில்லை. புதிய மதங்களும் கலைகளும் சிந்தனைகளும் பிறந்த தனி யுகமாகப் பார்த்தார். 1980-ல் வால்டர் கோஃபார்ட், குடியேறிய குழுக்களுக்கு நிலத்தைப் பிடுங்கிக் கொடுக்கவில்லை, வரி வருவாயில் பங்கு கொடுத்து ஏற்பாடு செய்தார்கள் என்று வாதிட்டார். 'வீழ்ச்சி' என்ற சொல்லே கூச்சத்துக்குரியதாகி, 'மாற்றம்' என்பது வழக்குக்கு வந்தது.

2005-ல் பிரையன் வார்ட்-பெர்க்கின்ஸ் அகழாய்வுச் சான்றுகளோடு எதிர்த்து வந்தார். அவர் காட்டியவை பானை, கூரை ஓடு, காசு, மாட்டு எலும்பு. ரோமர் காலத்தில் சாதாரணக் குடியானவர் வீட்டிலும் தரமான சக்கரப் பானை இருந்தது, ஓட்டுக் கூரை இருந்தது. பிறகு மேற்கில் பல இடங்களில் அவை மறைகின்றன. மாடுகளின் உருவம்கூடச் சிறுத்துப்போகிறது.

இந்த இடத்தில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். பிரவுன் காட்டிய உலகம் உண்மையானது, அழகானது. ஆனால் ஒரு குடும்பத்தின் தலைக்குமேல் இருந்த ஓடு போய்க் கூரை வேய்ந்தார்கள் என்றால், அதை 'மாற்றம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அதே சமயம் இருவரும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பிரவுனின் கண் அதிகமும் கிழக்கில், வார்ட்-பெர்க்கின்ஸின் கண் மேற்கில். மேற்குக்குள்ளேயே இடத்துக்கு இடம் கதை வேறு. பிரிட்டனில் ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காசு வருவது நிற்கிறது, சக்கரப் பானைத் தொழிலே அழிகிறது. ஆப்பிரிக்காவில் வாண்டல்களின் கீழும் பானையும் எண்ணெயும் ஏற்றுமதியாகின்றன. இத்தாலியைச் சீரழித்ததில் பெரும்பங்கு, அதை மீட்கிறேன் என்று வந்த கிழக்குப் பேரரசர் ஜஸ்டினியனின் படைகள் 535 முதல் நடத்திய நெடும் போருக்கு உண்டு. வட சிரியாவின் சுண்ணாம்புக்கல் மலைகளில் ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வீடுகளும் எண்ணெய்ச் செக்குகளும் ஊர் ஊராக இன்றும் நிற்கின்றன. பேரரசு முழுவதும் விவசாயம் முன்கூட்டியே அழுகிப்போயிருந்தது என்ற பழைய நம்பிக்கையை உடைத்ததில் இவற்றுக்குப் பெரும் பங்கு.

அப்புறம், பருவநிலையும் கொள்ளைநோயும். 2017-ல் கைல் ஹார்ப்பர் இவற்றை முன்னே கொண்டுவந்தார். பவேரியாவில் ஆறாம் நூற்றாண்டுக் கல்லறை எலும்புகளில் பிளேக் கிருமியின் மரபணு கிடைத்திருப்பது உறுதியான சான்று. ஆனால் தேதிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்தப் பிளேக் தொடங்கியது 541-ல், அதாவது மேற்கில் கடைசிப் பேரரசர் போய் 65 ஆண்டு கழித்து. 165-ல் தொடங்கிய கொள்ளைநோய்க்குப் பிறகோ பேரரசு முந்நூறு ஆண்டு நின்றது. ஆக, 476-ஐ நோயால் மட்டும் விளக்க முடியாது. ஜஸ்டினியனின் மீட்பு ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்கு அது அதிகம் பொருந்தும். அங்கேயும் பிளேக்கின் பாதிப்பு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கடும் விவாதம் நடக்கிறது.

ஏழாம் படி: காரணங்களைச் சங்கிலியாக எழுதிப் பாருங்கள்

பட்டியல் போடுவது சுலபம். ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வந்தது என்று எழுதுவதுதான் கடினம். எழுதிப் பார்த்தால்தான் எந்தக் கண்ணி பலவீனம் என்று தெரியும். ஆப்பிரிக்காவை வைத்து ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்.

406-ல் ரைனைக் கடந்தவர்கள் 409-ல் ஸ்பெயினுக்குள் போனார்கள். அங்கிருந்து 429-ல் கைசெரிக் தலைமையில் வாண்டல்களும் அலன்களும் ஆப்பிரிக்காவுக்குக் கடந்தார்கள். அவர்கள் அங்கே முன்னேறிக்கொண்டிருந்தபோது ரோமின் இரண்டு பெரிய தளபதிகள், ஏடியஸும் போனிஃபேஸும், 432-ல் இத்தாலியில் ஒருவரோடு ஒருவர் போரிட்டார்கள். போனிஃபேஸ் ஆப்பிரிக்காவைக் காக்க வேண்டியவர். அந்தப் போரில் பட்ட காயத்தால் செத்தார். 439-ல் கார்த்தேஜ் விழுந்தது. ரோமுக்குத் தானியமும் எண்ணெயும், கஜானாவுக்கு வரியும் தந்த மாகாணம் போய்விட்டது. 444-ல் மூன்றாம் வாலன்டீனியனின் சட்டம், இருக்கும் படைக்குச் சோறும் துணியும் கொடுக்கவே வருவாய் போதவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, விற்பனைமீது 24-ல் ஒரு பங்கு புது வரி போட்டது. பணமில்லாததால் படை சுருங்கியது. படை சுருங்கியதால் கால், ஸ்பெயின் மாகாணங்கள் நழுவின. அவை நழுவியதால் வரி மேலும் குறைந்தது. 468-ல் கிழக்கு தன் கஜானாவைக் காலி செய்து அனுப்பிய கடற்படையை வாண்டல்கள் தீக்கப்பல்களை விட்டு அழித்தார்கள். 476-ல் இத்தாலியில் எஞ்சியிருந்த படைவீரர்கள் நிலத்தில் பங்கு கேட்டார்கள். சிறுவன் அகஸ்டுலஸின் தந்தை ஒரெஸ்டெஸ் மறுத்தார். தருகிறேன் என்ற ஓடோவாக்கர் பின்னால் அவர்கள் போனார்கள்.

இப்போது ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பாருங்கள். ஹூணர்கள் தள்ளாவிட்டால் 406 நடந்திருக்குமா? வெளியிலிருந்து வந்த அழுத்தமே முதன்மை என்னும் பீட்டர் ஹீதர் நிற்கும் இடம் இது. உள்நாட்டுப் போர் ஏற்கெனவே எல்லையைக் காலியாக்கியதால்தான் வெளியார் நுழைய முடிந்தது என்று கை ஹால்சால் போன்றவர்கள் மறுக்கிறார்கள். எனக்கு 432-தான் உறுத்துகிறது. மாகாணம் பறிபோய்க்கொண்டிருக்கும்போது தளபதிகள் தங்களுக்குள் போரிட்டதை ஹூணர்களின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் வாண்டல்கள் வாசலில் இல்லாமல் இருந்திருந்தால், அந்தச் சண்டைக்கு ஒரு மாகாணத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது என்பதும் சரிதான்.

எங்கே தொடங்குவது

கிப்பனிலிருந்து தொடங்காதீர்கள். அவருடைய உரைநடை அருமையானது, பிறகு அதற்காகவே படிக்கலாம். முதலில் 2005-ல் வந்த ஹீதரின் நூலையோ வார்ட்-பெர்க்கின்ஸின் சிறிய நூலையோ எடுங்கள். உடனே அடுத்து, மறுதரப்பாகப் பிரவுனின் 1971 நூல். இரண்டு தரப்பையும் முடித்த பிறகு ஹார்ப்பர். இடையில் சந்தேகம் வந்தால் ஜோன்ஸைப் புரட்டுங்கள்.

படிக்கும்போது ஒரே ஒரு மாகாணத்தைத் தேர்ந்தெடுத்து, அதை ஒவ்வொருவரும் எப்படி விளக்குகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆப்பிரிக்கா நல்ல தேர்வு, பிரிட்டனும் சரி. இத்தாலியை எடுத்தால் ஜஸ்டினியனின் போர் வரை போக வேண்டியிருக்கும், அதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.